ஷார்க் வேலி டிராம்: எவர்கிளேட்ஸின் கடைமடைக்கு ஒரு சுற்று

5க்கு நாலரை. குறைந்த அரை, கொசுவுக்கு.

எவர்கிளேட்ஸ் என்பது தெற்கு ஃபுளோரிடாவில் இருக்கிற பெரிய சதுப்பு, தேசியப் பூங்கா. அதில் ஷார்க் வேலி என்ற பகுதியைச் சுற்றிக் காட்டுகிறது இந்த டிராம். முதலை பார்த்துவிட்டு வந்தால் போதும் என்கிறவர்களுக்கு இந்தப் பயணம் கொஞ்சம் மந்தமாகப் படலாம். தெற்கு ஃபுளோரிடாவில் தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் மறித்தார்கள், வடக்கே ஏறக்குறைய 400 கோடி டாலர் செலவில் எதற்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், இதைவிட நல்ல இரண்டு மணி நேரம் கிடைக்காது. அந்த நீர்த்தேக்கம் இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. அது இருப்பது வடக்கே வெகுதூரத்தில். ஆனால் அதன் தண்ணீர் வந்து சேர வேண்டிய இடம் இதுதான். எந்தத் தேக்கத்தையும் தலைமதகில் நின்று பார்த்தால் பிரமாதமாகத்தான் இருக்கும். கடைமடையில் போய்ப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும்.

இப்படிப் பேசுவதற்குக் காரணம், நான் தமிழ்நாடு பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் வெண்ணாறு பக்கம். மேட்டூரில் எத்தனை அடி என்று பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் காபி டம்ளரைக் கையில் எடுக்கிற ரகம். மகள் குடும்பம் ஃபோர்ட் லாடர்டேலுக்கு மேற்கே வெஸ்டனில் இருக்கிறது. ஊர் முடிகிற இடத்தில் ஒரு கரை. கரைக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீரும் புல்லும். சாயங்காலம் நடக்கப் போனால் நான் அந்தக் கரையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்த மாப்பிள்ளை, "மாமா, உங்களுக்கு டிஸ்னி எல்லாம் சரிப்படாது" என்று சொல்லி இந்த டிக்கெட்டைப் போட்டுவிட்டார்.

மியாமியிலிருந்து 41ஆம் எண் சாலையில் மேற்கே போக வேண்டும். டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையைத் தாண்டி ஏறக்குறைய 25 மைல். டாமியாமி டிரெயில் என்பது இந்தச் சாலையின் பெயர், 1928இல் திறந்தது. வலது பக்கம் கூடவே ஒரு வாய்க்கால் வரும். அதைத் தோண்டிய கல்லையும் மண்ணையும் போட்டுத்தான் சாலையை உயர்த்தினார்கள். வடக்கிலிருந்து தெற்கே பரந்து ஓடிய தண்ணீருக்குக் குறுக்கே கிழக்கு மேற்காக ஒரு கரை போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்து லஸ்கரை, அதாவது வாய்க்காலையும் மதகையும் பார்த்துக்கொள்கிற கடைநிலை ஊழியரைக் கேட்டாலே சொல்லியிருப்பார். வடக்குப் பக்கம் தேங்கிற்று, தெற்குப் பக்கம் காய்ந்தது. அந்தக் கரையைத் திறந்துவிட 2013இல் ஒரு மைல் நீளத்துக்குப் பாலம் கட்டினார்கள். 2019இல் இன்னும் 2.3 மைல். இரண்டின் மேலும் போகும்போது மகளிடம் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக விடச் சொன்னேன். இன்னும் மேற்கே எஸ்-12 என்ற பெயரில் ஏ, பி, சி, டி என்று நாலு ரெகுலேட்டர்கள், அதாவது தண்ணீரைத் திறந்து மூடுகிற மதகுகள் வரும். ஷட்டர்கள் சாலையிலிருந்தே தெரியும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே போனால் டிராம் ஏறுவதற்கு முன்பே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

பூங்கா நுழைவு நாங்கள் போனபோது வண்டிக்கு 35 டாலர், அட்டைதான், ரொக்கம் வாங்குவதில்லை. டிராமுக்குத் தனிக் கட்டணம். குளிர்கால சனி ஞாயிறுகளில் நிறுத்துமிடம் சீக்கிரம் நிரம்பிவிடும், பிந்தி வருகிறவர்கள் வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள். முன்பதிவு செய்துவிட்டு, காலை முதல் வண்டிக்குப் போய்விடுவது உத்தமம்.

டிராம் என்றதும் தண்டவாளத்தைத் தேடாதீர்கள். முன்னால் இழுவை வண்டி, பின்னால் கூரை போட்ட திறந்த பெட்டிகள். 15 மைல் சுற்று, தார்ச்சாலை, சொந்தக் கார் விடமாட்டார்கள். சைக்கிளிலும் சுற்றலாம், வாடகைக்கும் கிடைக்கிறது. என் வயசுக்கு டிராம்தான் சரி. வயதானவர்கள் ஏறி இறங்கக் கஷ்டமில்லை, ஒலிபெருக்கி கடைசிப் பெட்டிவரை தெளிவாகக் கேட்கிறது, கேள்வி கேட்டால் முகம் சுளிப்பதில்லை. பக்கங்கள் திறந்திருப்பதால் வெயில் சாய்வாக அடிக்கும், தொப்பி வேண்டும்.

எங்கள் வழிகாட்டி அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. முதலைக்கு நிறுத்தினார், பாம்புத்தாரா இறக்கையை விரித்து வெயிலில் காய வைத்திருந்ததற்கு நிறுத்தினார். எல்லோரும் கேமராவை எடுத்தார்கள். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லாத ஓரிடத்தில் நிறுத்தி, இறங்கிப்போய், முழங்கையளவு தண்ணீரில் கைவிட்டு எதையோ அள்ளிக்கொண்டு வந்தார். மஞ்சளும் சாம்பலுமாக, ஊறிப்போன இட்லித் துணி மாதிரி ஒன்று. பெரிஃபைட்டான் என்றார். பாசி, பாக்டீரியா, கண்ணுக்குத் தெரியாத இன்னும் பல உயிர்கள் எல்லாம் பின்னிப் படிந்த மெத்தை. லேசாகப் பிழிந்தார், தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மேலே காய்ந்து வெடித்துக் கிடக்கிற காலத்திலும் இதற்குள் ஈரம் நிற்கும், குட்டி நத்தையும் மீன் முட்டையும் அதில் பிழைத்துக் கிடக்கும். பேத்தி தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை என் சட்டையில் துடைத்தாள்.

அந்த மெத்தைக்கு ஒரே எதிரி பாஸ்பரஸ். நூறு கோடிப் பங்கு தண்ணீரில் 10 பங்கு, அவ்வளவுதான் எவர்கிளேட்ஸுக்குச் சட்டப்படி வைத்திருக்கிற அளவு. அதைத் தாண்டினால் பெரிஃபைட்டான் சிதைகிறது, ரம்பப் புல் போய்ச் சம்பு வந்து அடைக்கிறது. ரம்பப் புல் என்பது விளிம்பில் அரம் போலப் பல் இருக்கும் செடி. புல் என்கிறார்கள், உண்மையில் கோரை இனம். சம்பு நமக்குத் தெரிந்ததுதானே, டெல்டாவில் தூர் வாராத வடிகாலில் எல்லாம் நிற்கும். அங்கே சம்பைப் பார்த்தால் தூர் வாருகிற எஸ்டிமேட் போடுவோம். இங்கே சம்பைப் பார்த்தால் மேலே எங்கோ உரத்தண்ணீர் கலக்கிறது என்கிறார்கள்.

சுற்றின் பாதியில் ஒரு கோபுரம். சுழன்று சுழன்று ஏறுகிற சாய்தளம், படி கிடையாது, மெல்ல ஏறிவிடலாம். 1940களில் எண்ணெய் தேடிய காலத்தில் போட்ட சாலைதான் இந்தப் பூங்காவுக்குள் நாம் வருகிற வழி, கோபுரம் நிற்பதும் அந்தக் காலத்துத் துளையிட்ட இடத்தில்தான் என்றார் வழிகாட்டி. மேலே நின்றால் நாலு பக்கமும் தட்டை. அங்கங்கே மரத்தீவுகள். மரத்தீவுகள் எல்லாம் ஒரே திசையில், தண்ணீர் இழுத்த வாக்கில் வால் நீண்டு கிடப்பது மேலேயிருந்து பார்த்தால்தான் புரிகிறது.

வாட்டம் மைலுக்கு சுமார் 2 அங்குலம். எனக்கு அதை நம்பவே கொஞ்சம் நேரம் பிடித்தது. காவிரி டெல்டாவையே தட்டை என்று சொல்லி வடிகால் போடத் திண்டாடியவர்கள் நாங்கள். இங்கே ஓடுகிற தண்ணீர் ஓடுகிற மாதிரியே தெரியாது. ஷார்க் ஆற்றுச் சரிவு என்று இதற்குப் பெயர். பல மைல் அகலத்துக்கு நடந்துபோய் மெக்ஸிகோ வளைகுடாவில் சேர்கிறது. சுறா ஒன்றும் இங்கே கிடையாது, ஆற்றின் பெயர்தான்.

கோபுரத்தில் வைத்துத்தான் வழிகாட்டியிடம் வடக்கே கட்டுகிற தேக்கத்தைப் பற்றிக் கேட்டேன். என் ஆங்கிலம் அவருக்கும் அவருடையது எனக்கும் பாதிதான் புரியும், மகள் நடுவில் நின்று உதவினாள். அவர் சொன்னது எளிமையான விஷயம். மழைக்காலத்தில் எங்களுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் கிடையாது. மார்ச், ஏப்ரலில் கொஞ்சம் வேண்டும், அதுவும் சுத்தமாக வேண்டும், அதுவும் அளவாக வேண்டும்.

அந்த மூன்றாவதை நான் எதிர்பார்க்கவில்லை. பாசன வேலை பார்த்தவனுக்குக் கோடையில் தண்ணீர் கொடுப்பதென்றால் கொடுப்பதுதான், விவசாயி வேண்டாம் என்று சொல்லிக் கேட்டதில்லை. இங்கே வுட் ஸ்டார்க் என்று ஒரு நாரை இருக்கிறது, வழுக்கைத் தலை. நம் மஞ்சள் மூக்கு நாரையும் இதுவும் ஒரே பேரினம். அலகைத் திறந்து தண்ணீருக்குள் விட்டுத் துழாவி, மீன் பட்டதும் கவ்வும். கண்ணால் பார்த்துப் பிடிக்காது. ஆகவே மீன்கள் நெருக்கியடித்துக் கிடக்க வேண்டும். கோடை ஏற ஏறத் தண்ணீர் மெல்ல வடிந்து, மீன் எல்லாம் சின்னச் சின்னக் குட்டைகளில் ஒதுங்கினால்தான் அது குஞ்சுக்கு இரை தேட முடியும். அந்த நேரத்தில் யாரோ மேலே ஷட்டரைத் தூக்கிவிட்டால் மீன் பரவிவிடும், நாரை கூட்டை விட்டுப் போய்விடும். முறைப்பாசனம் வைப்பது போல நாலு நாள் விட்டு நாலு நாள் நிறுத்துகிற கதை இங்கே எடுபடாது. சரிவு தெற்கே போகப் போக மெல்ல வற்ற வேண்டும், ஆனால் முழுக்க வற்றக் கூடாது. முழுக்க வற்றினால் தரையில் தீப்பிடிக்கும், கடல் முகத்தில் உப்பு ஏறும். இன்னொரு பறவை, ஒரு குருவி, தரைக்குச் சற்று மேலே புல்லில் கூடு கட்டுகிறது. அதன் கூடு முழுகாமலிருக்க, சாலையில் பார்த்தோமே எஸ்-12, அதில் மேற்குப் பக்க ஷட்டர்களைக் கூடு கட்டுகிற பருவத்தில் மூடி வைக்கிறார்கள். குருவிக்காக ரெகுலேட்டரை மூடுவதை நான் சர்வீஸில் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுக்கு வந்தபின் மாப்பிள்ளையின் லேப்டாப்பில் அந்தத் தேக்கத்தின் அறிக்கைகளை உட்கார்ந்து படித்தேன். டிராம் பயணத்துக்கு மதிப்புரை எழுத வந்துவிட்டு இதை எழுதாமல் போனால் பயணத்தின் பாதியை விட்ட மாதிரி.

வடக்கே ஒக்கிசோபி ஏரி, 730 சதுர மைல். ஆழம் குறைச்சல், அகலம் பெரிசு. பழைய காலத்தில் மழைக்காலம் வந்தால் ஏரியின் தெற்குக் கரை மேலாக வழிந்து, அந்த வழிசல்தான் இத்தனை மைல் தள்ளி இங்கே வந்து சேரும். 1926, 1928 புயல்களில் ஏரி உடைத்துக்கொண்டு வந்தது. 1928இல் மட்டும் குறைந்தது 2,500 பேர் செத்தார்கள், அதில் பெரும்பாலோர் கறுப்பினக் கூலித் தொழிலாளர்கள். அதன் பிறகு ஏரியைச் சுற்றி 143 மைலுக்குக் கரை கட்டினார்கள். 1947 டிசம்பரில் எவர்கிளேட்ஸைத் தேசியப் பூங்கா என்று அறிவித்து, மறு வருஷமே 1948இல் அதன் தண்ணீரைப் பிரித்துக் கட்டுகிற மத்திய அரசின் வெள்ளத்தடுப்புத் திட்டத்துக்கும் அனுமதி கொடுத்தார்கள். ஏரிக்கும் பூங்காவுக்கும் நடுவில் 7 லட்சம் ஏக்கர் விவசாய நிலமாயிற்று, பெரும்பகுதி கரும்பு.

வழிந்து தெற்கே போகிற வழி அடைபட்டால் உபரி எங்கே போகும்? கிழக்கே செயின்ட் லூசி ஆற்றிலும் மேற்கே கலூசஹாச்சி ஆற்றிலும் வெட்டிவிட்டார்கள். ஏரி நிறைந்தால் அந்த இரண்டு வழியாகக் கடலுக்கு. கழிமுகத்தில் நல்ல தண்ணீர் திடீரென்று பாய்ந்தால் சிப்பிகள் சாகும். 2016இல் ஸ்டூவர்ட் பக்கம் பச்சைப் பாசி தடித்து மிதந்து, நாற்றம் தாங்காமல் ஜனங்கள் கடற்கரையை விட்டே ஓடினார்கள். அதற்கு முந்தின 2015இல்தான் தெற்குக் கோடியில் ஃபுளோரிடா விரிகுடாவில் நல்ல தண்ணீர் வராமல் உப்பேறி, ஏறக்குறைய 40,000 ஏக்கர் கடற்புல் செத்தது. கொள்ளிடத்தில் உபரி கடலுக்குப் போகிற நாளிலேயே கடைமடையில் பயிர் காய்வதைப் பார்த்தவனுக்கு இது புதுசில்லை. அளவுதான் வேறு.

ஆகவே வெள்ளத்தைப் பிடித்து வைத்து, சுத்தம் செய்து, கோடையில் தெற்கே விட ஒரு தேக்கம். யோசனை 2000ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட பெரிய மீட்புத் திட்டத்திலேயே இருந்தது. நிலம் 1999இலேயே டாலிஸ்மன் கரும்புக் கம்பெனியிடம் வாங்கியாயிற்று. 2006இல் ஏ-1 என்ற நிலத்தில் வேலை தொடங்கினார்கள். 2008இல் பாதியில் நிறுத்தினார்கள். அந்த வருஷம்தான் அப்போதைய கவர்னர் சார்லி கிரிஸ்ட், யு.எஸ். சுகர் கம்பெனியின் 1,87,000 ஏக்கரை 175 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தார். பொருளாதாரம் சரிந்தது, பேரம் சுருங்கிச் சுருங்கி 2010இல் 26,800 ஏக்கரில் வந்து நின்றது. அஸ்திவாரம் வரை வந்த ஏ-1, கடைசியில் 15,000 ஏக்கரில் 4 அடி தண்ணீர் நிற்கிற ஆழமில்லாத தொட்டியாக 2015இல் முடிந்தது. டெண்டர், ரிவைஸ்டு எஸ்டிமேட், ஆட்சி மாற்றம், கிடப்பு. ஊர்தான் வேறு.

2016 பாசிக்குப் பிறகுதான் மறுபடி சூடு பிடித்தது. மாநில செனட் தலைவர் ஜோ நெக்ரான் 2017இல் சட்டம் கொண்டுவந்தார். ஏரிக்கரை ஊர்களான பெல் கிளேட், பஹோக்கி பக்கத்துக் கரும்பு ஆட்கள், நிலம் போனால் எங்கள் வேலை போகும் என்று எதிர்த்தார்கள். அது நியாயமான பயம், யாரும் அவர்களைக் கேட்டு ஏரியை மறிக்கவில்லை. கடைசியில் சட்டத்தில், விருப்பமில்லாதவர் நிலத்தை அரசு கட்டாயமாக எடுக்கக் கூடாது என்று எழுதினார்கள். கையில் இருக்கிற அரசு நிலத்துக்குள் முடிக்க வேண்டும் என்றாயிற்று. 2018இல் மத்திய அனுமதி.

நிலம் குறைந்தால் ஆழம் கூட வேண்டும். ஏ-2 என்ற நிலத்தில் 10,500 ஏக்கர், 23 அடி தண்ணீர், 2,40,000 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழம் நின்றால் ஓர் ஏக்கர்-அடி). நம் கணக்கில் பத்தரை டி.எம்.சி.க்குக் கொஞ்சம் குறைவு. ஏழு வீராணம். பக்கத்தில் 6,500 ஏக்கரில் தண்ணீர் சுத்திகரிக்கும் செயற்கைச் சதுப்பு. மலை இல்லை, மேடு இல்லை, மூன்று பக்கம் குன்றை வைத்து ஒரு பக்கம் அணை கட்டுகிற சமாச்சாரமே இல்லை. நாலு பக்கமும் கரை. கரை உயரம் 37 அடி. 23 அடி தண்ணீருக்கு மேல் 14 அடி ஃப்ரீபோர்டு, அதாவது வெறும் கரை! முதலில் ஊதாரித்தனமோ என்று நினைக்கத் தோன்றும். புயல் அடிக்கிற ஊரில், 16 சதுர மைல் திறந்த தண்ணீரில் அலை எழும்பினால் கரை மேல் ஏறிவிடும். அந்த 14 அடி நியாயம்தான்.

அதைவிடச் சிக்கல் அடியில். மேலே கருப்பு மக்கு மண், அதைச் சுரண்டி எடுத்தால் கீழே சுண்ணாம்புப் பாறை, தேன்கூடு போல ஓட்டை. எவ்வளவு தேக்கினாலும் கசியும். ஆகவே கரைக்கு அடியில் பாறைக்குள் இறங்குகிற கசிவுத் தடுப்புச் சுவர். கரை கட்டுகிற கல்லை அங்கேயே பாறையை வெடித்து எடுத்துக்கொள்கிறார்கள், லீடு, அதாவது தூரத்திலிருந்து ஏற்றி வருகிற செலவு கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்த ஊர் எக்சிக்யூட்டிவ் எஞ்சினியர் மேல் எனக்குப் பொறாமை.

மக்கு மண் என்றேனே. அதை வடித்துக் காயவிட்டால் காற்றுப் பட்டுக் கரைந்தே போகும். பெல் கிளேட்டில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் 1924இல் ஒரு கான்கிரீட் கம்பத்தைப் பாறை வரை இறக்கி, தலை தரையோடு தரையாக இருக்கும்படி விட்டார்கள். இன்று அந்தக் கம்பம் 6 அடிக்கு மேல் வெளியே நிற்கிறது. கம்பம் எழும்பவில்லை, நிலம் இறங்கியிருக்கிறது. மாப்பிள்ளை போனில் காட்டிய படத்தில் ஓர் ஆள் அதன் பக்கத்தில் நிற்கிறார், கம்பம் அவர் உயரம். இத்தனை நிலம் இறங்கிய பின் பழையபடி ஏரியை வழியவிட்டால் தண்ணீர் அந்தப் பள்ளத்திலேயே நின்றுவிடும், பூங்காவுக்கு வராது. ஏன் தேக்கம், ஏன் பம்ப், ஏன் இத்தனை செலவு, சும்மா கரையை வெட்டிவிடக் கூடாதா என்று கேட்கிறவர்களுக்கு அந்த ஒரு கம்பமே போதும்.

என் அபிப்பிராயம்: தேக்கம் சரி. சுத்திகரிப்பு போதுமா என்பதில்தான் எனக்கு இடறுகிறது. ஏரித் தண்ணீரில் பாஸ்பரஸ் நூறு கோடிக்கு 100 பங்கைத் தாண்டும், கேட்பது 10. சம்பும் நீர்ப்பாசியும் நட்ட ஆழமில்லாத பாத்திகளில் தண்ணீரை மெல்ல நகரவிட்டு, செடி பாஸ்பரஸை உறிஞ்சிக்கொள்கிற ஏற்பாடு அது. ஏற்கெனவே சுற்றுவட்டத்தில் இப்படி 57,000 ஏக்கர் இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. புதிதாகச் சேர்ந்த 6,500 பத்தாது, ஆழத்தைக் குறைத்துப் பாத்தியைக் கூட்டியிருக்க வேண்டும் என்று சில விஞ்ஞானிகள் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறார்கள். நிலம் கிடைக்காததால் வந்த ஆழத்தைப் பொறியியல் தீர்மானம் போலக் காட்டுவது எனக்குப் பழக்கப்பட்ட வித்தை.

இன்னொரு கணக்கும் பார்த்தேன். ஒக்கிசோபியில் ஓர் அடி உயர்ந்தால் அதுவே 20 டி.எம்.சி. ஆகவே இந்த 400 கோடி டாலர் தேக்கம் முழுக்க நிறைந்தாலும் ஏரியில் அரை அடிதான் குறையும். இதை வைத்துக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. கொள்ளளவை மட்டும் வைத்துத் தேக்கத்தை எடை போடுவது தப்பு. நிறைத்து, காலி செய்து, மறுபடி நிறைக்கிற தேக்கம் இது. மற்ற வேலைகளும் சேர்ந்து முடிந்தால் வருஷத்துக்குச் சராசரியாக 3,70,000 ஏக்கர்-அடி, அதாவது 16 டி.எம்.சி. தெற்கே போகும் என்று கணக்கு. அந்தப் பதினாறும் எந்த மாதத்தில் வருகிறது என்பதைத்தான் நாரை பார்க்கும்.

சுத்திகரிப்புச் சதுப்பு 2024 ஜனவரியில் முடிந்துவிட்டது. தேக்கம் 2034 என்றார்கள். 2025 ஜூலையில் மாநிலமும் ராணுவப் பொறியியல் துறையும் வேலையைப் பிரித்துக்கொண்டு 2029 என்கிறார்கள். ஒப்பந்தத் தேதியை நம்புகிற வயசை நான் தாண்டிவிட்டேன்.

பார்க்கவேண்டுமென்றால் 27ஆம் எண் சாலையில் வடக்கே போகலாம், நாங்களும் ஒரு நாள் போனோம். சாலையை ஒட்டித் தெரிகிற கரை ஏ-1 தொட்டியுடையது, புதுத் தேக்கம் அதற்கும் மேற்கே. சாலையிலிருந்து தேடினால் ஏமாந்துபோவீர்கள். தெற்கே ஒட்டியிருக்கிற எஸ்.டி.ஏ. 3/4 என்ற பழைய சுத்திகரிப்புச் சதுப்பில் மட்டும் பொதுமக்கள் போக இடம் வைத்திருக்கிறார்கள், பறவை பார்க்கிறவர்கள் வருகிறார்கள். மற்றபடி கரும்பு, லாரி, மறுபடி கரும்பு. வீட்டம்மா வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. "இதைப் பார்க்கத்தானா கும்பகோணத்திலிருந்து வந்தோம்?" என்றாள்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேத்தி அடம்பிடித்ததால் அதே டாமியாமி சாலையில் ஓர் ஏர்போட் கம்பெனிக்குப் போனோம், பெயர் வேண்டாம். பின்னால் பெரிய காற்றாடி வைத்த தட்டைப் படகு. காதில் பஞ்சு கொடுத்துவிடுகிறார்கள், ஆகவே ஓட்டுகிறவர் என்ன சொன்னாலும் கேட்காது. அவரும் அதிகம் சொல்லவில்லை. சத்தத்தில் அரை மைலுக்குள் ஒரு பறவை உட்காரவில்லை. திரும்பி வந்ததும் வாயில் டேப் ஒட்டிய முதலைக்குட்டியைக் கையில் கொடுத்து, படத்துக்குத் தனிக் காசு. குழந்தைக்குப் பிடித்தது, மறுக்கவில்லை. 5க்கு 2.

டிராமுக்குப் போகிறவர்கள் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போங்கள், தண்ணீர் வடிந்து பறவையும் முதலையும் பாதை ஓரத்துக்கே வந்திருக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் நிறைய, உயிரினம் சிதறிவிடும், கொசு உங்களை விடாது. உள்ளே சாப்பாட்டுக் கடை என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். நாங்கள் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனோம். எந்த விலங்கிடமிருந்தும் 15 அடி தள்ளியிருக்க வேண்டும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.